சாரல் கொண்டுபோன வெளுப்பு

அந்தக் காலத்தில் மரமும் பேசும், மண்சட்டியும் பேசும். மனிதர்கள் பேசியதுதான் குறைவு. மற்றவை பேசுவதைக் கேட்கவே அவர்களுக்குப் பொழுது சரியாக இருந்தது. அப்போதெல்லாம் வெள்ளிக்குக் கருக்கத் தெரியாது. இரும்பு துருப்பிடிக்கும், செம்பு பச்சை பிடிக்கும், வெள்ளி மட்டும் பூமியிலிருந்து எடுத்த அன்று என்ன நிறமோ நூறு வருசம் கழித்தும் அதே நிறத்தில் இருக்கும். அதனால் அதற்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, வாயும் உண்டு.

மேற்கு மலையடிவாரத்தில் ஊத்துப்பாறை என்று ஓர் ஊர். ஆனி பிறந்தால் அந்த ஊருக்குச் சாரல் வருவாள். அவள் மேகத்தின் மகள். மழை என்றும் சொல்ல முடியாது, காற்று என்றும் சொல்ல முடியாது; இரண்டுக்கும் நடுவில் ஈரமான ஒரு பெண். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் அவள் முறைக்கு நாத்தனார். வாசலில் வந்து நின்று, "மதினி, இருக்கியளா?" என்று கூப்பிடுவாள். கூப்பிட்ட வேகத்தில் வாசல் கோலம் பாதி அழிந்துவிடும். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அவள் வந்தால்தான் நாற்றங்காலில் பச்சை தெரியும்.

ஆடி மாதம் மலைமேல் அருவிக்கு விழா எடுப்பார்கள். விழாவுக்குப் போகச் சாரலிடம் ஒரு நகை கிடையாது. அதனால் வீடு வீடாக வந்து இரவல் கேட்பாள். ஒரு வீட்டில் காப்பு கொடுப்பார்கள், ஒரு வீட்டில் அரைஞாண் கொடுப்பார்கள். மூன்றாம் நாள் கழுவித் துடைத்து, கொடுத்ததைவிடப் பளிச்சென்று திருப்பித் தந்துவிடுவாள். அவளுக்கு இரவல் கொடுத்து யாரும் கெட்டதில்லை.

அந்த ஊருக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. இருக்கிற பொருளை இல்லை என்று வாயால் சொல்லமாட்டார்கள். பானையில் உப்பு தீர்ந்திருந்தால்கூட "உப்பு நெறஞ்சிருக்கு" என்றுதான் சொல்வார்கள். கொடுக்க மனமில்லாவிட்டால் "தரமாட்டேன் போ" என்று முகத்துக்கு நேரே சொல்லி, வேண்டியமட்டும் சண்டை போட்டுக்கொள்வார்கள். அதில் குற்றமில்லை. இருப்பதை இல்லை என்றால் அந்தச் சொல் பலித்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். பிரமாச்சிக்கும் தெரியும்.

பிரமாச்சி தோட்டத்தில் வெற்றிலைக்கொடி கட்டிப் பிழைக்கிறவள். தாய் சாகும்போது இரண்டைக் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனாள். ஒன்று தங்கச்சி பூவம்மை. இன்னொன்று ஒரு சோடி வெள்ளித் தண்டையும் ஒரு சோடி மெட்டியும். "இது பூவம்மை கல்யாணத்துக்கு. என் கையில இருந்து ஒன் கைக்கு வருது, ஒன் கையில இருந்து அவ காலுக்குப் போகணும். நடுவுல எங்கயும் போகக் கூடாது" என்பது தாயின் கடைசிப் பேச்சு. பிரமாச்சி அதை எழுத்துப் பிசகாமல் எடுத்துக்கொண்டாள். ஏழு சுற்றுத் துணியில் சுற்றி, மரப்பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டாள். தன்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், "தங்கச்சிக்கு முடியட்டும், அப்புறம் பாப்போம்" என்று சொல்லி அனுப்பினாள். அவள் கால் வெள்ளியை அறியாது.

பெட்டிக்குள் கிடந்த தண்டைகள் சும்மா இருக்கவில்லை. வலதுகால் தண்டை அமைதியானது. இடதுகால் தண்டை வாயாடி. பிரமாச்சி பக்கத்தில் வந்தாலே ஆரம்பித்துவிடும்.

"ஏட்டி பிரமாச்சி, எங்கள எதுக்கு இந்த இருட்டுல போட்டு அடச்சிருக்க? மூச்சு முட்டுது. பூவம்மைய ஒரு நாள் போட்டுக்கிடச் சொல்லு. இல்லாட்டா நீ போட்டுக்கோ."

"வாய மூடிக்கிட்டுக் கெட. தேஞ்சுபோனா யாரு பதில் சொல்லுவா?"

"நடந்து தேயுதது ஒரு சாவா? கெடந்து சாவுததுதான் சாவு."

பூவம்மையும் கேட்டுப் பார்த்தாள். "ஒரே ஒரு நாள்க்கா. பொங்கலுக்கு மட்டும் போட்டுட்டுக் கழட்டித் தந்திருதேன்." பிரமாச்சி அசையவில்லை. பெட்டியைப் பூதம் காக்கிற மாதிரி காத்தாள். தாயிடம் கொடுத்த வாக்கு அவளுக்கு அவ்வளவு பெரிது. வாக்கு எதற்காகக் கொடுத்தோம் என்பது மறந்துபோகிற அளவுக்குப் பெரிது.

அந்த வருசம் பூவம்மைக்கு நல்ல இடம் அமைந்தது. கீழூரில் மாட்டு வைத்தியம் பார்க்கிற குடும்பம். ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். "பொண்ணு எங்க வாசப்படி ஏறும்போது தாய்வீட்டு வெள்ளி காலுல இருக்கணும், அது போதும், வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். பிரமாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை வருசம் காத்தது வீண்போகவில்லை என்று தோட்டத்துக் கொடிகளிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஆடி பிறந்து நாலாம் நாள் சாரல் வந்தாள்.

"மதினி, இருக்கியளா? அருவிக்கு விழா. காலுக்கு ஒண்ணும் கெடக்கல. ஒங்க வீட்ல தண்டை இருக்குன்னு ஊரே சொல்லுது. மூணு நாளுக்குத் தாங்க. முழுசாக் கொண்டுவந்து தருவேன்."

பிரமாச்சி இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு முப்பது நாள்கூட இல்லை. நடுவில் எங்கும் போகக் கூடாது என்று தாய் சொல்லியிருக்கிறாள். தரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சாரல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போயிருப்பாள், அடுத்த வருசம் மறந்திருப்பாள். ஆனால் கல்யாண வீடு. ஊரே கொடுக்கிறபோது தான் மட்டும் கஞ்சப்பிசினாரி என்று பேர் வாங்க வேண்டுமா என்று ஒரு கூச்சம். அந்தக் கூச்சம்தான் அவளைக் கெடுத்தது.

"எங்க வீட்ல வெள்ளி இல்ல, சாரலு" என்றாள்.

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெட்டிக்குள் இடதுகால் தண்டை ஏதோ சொல்ல வாயெடுத்து அப்படியே நின்றது.

சாரல் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றாள். "இல்லையா மதினி?" என்று இன்னொரு தடவை கேட்டாள்.

"இல்லைங்கேன்லா."

சாரல் ஒரு பெருமூச்சு விட்டாள். திரும்பிப் போய்விட்டாள். வந்த ஆபத்து போனது என்று பிரமாச்சி கதவைச் சாத்திவிட்டு அடுப்பு வேலையைப் பார்த்தாள். அன்றிலிருந்து பெட்டிக்குள் பேச்சுச் சத்தம் கேட்கவில்லை. ஒருவழியாக வாயாடிக்குப் புத்தி வந்தது என்று அவள் சந்தோசப்பட்டாள்.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, அளவு பார்க்கலாம் என்று பூவம்மையை உட்கார வைத்துப் பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொரு சுற்றாகத் துணியைப் பிரித்தாள். துணி ஈரம் கோத்து நமுத்துப்போயிருந்தது. ஏழாவது சுற்றைப் பிரித்ததும் உள்ளே இருந்து விழுந்தது வெள்ளி இல்லை. அடுப்பில் கிடந்த கரண்டிபோல் கருகருவென்று இரண்டு வளையமும் இரண்டு மோதிரமும் விழுந்தன.

"ஏ தண்டை, பேசு" என்றாள் பிரமாச்சி. குலுக்கினாள். உள்ளே பரல் உருண்டதே தவிர பேச்சு வரவில்லை. வாயாடித் தண்டையும் பேசவில்லை.

பூவம்மை ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "அக்கா, இது அம்மையோடது இல்லையே. இது இரும்புல்லா?"

வெள்ளி கருக்கும் என்று உலகத்தில் யாருமே அறியாத காலம் அது. கருத்திருந்தால் இரும்பு, அவ்வளவுதான். பூவம்மை நிமிர்ந்து அக்காளைப் பார்த்தாள். ஒரே ஒரு நொடி அந்தக் கண்ணில் ஒன்று வந்துபோனது. சாவி எப்போதும் அக்காள் இடுப்பில்தானே இருந்தது என்ற நினைப்பு அது. மறு நொடியே தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் பிரமாச்சி பார்த்துவிட்டாள். தன் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை தன்னைக் களவாணி என்று நினைத்துவிட்டதே என்று நொந்துகொண்டாள். பிள்ளையே நினைத்தால் ஊர் நினைக்காதா? உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? பூவம்மை இரும்பைக் காலில் மாட்டிக்கொண்டு கீழூர் வாசற்படி ஏறினால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பிரமாச்சி அழவில்லை. அழுவதற்கு ஒன்பது நாள் போதாது என்று நினைத்தாள்.

"பூவு, பந்தக்கால் நடட்டும், சீர் அரிசி அளக்கட்டும், எதையும் நிறுத்தாத. முகூர்த்தத்துக்கு நான் வெள்ளியோட வருவேன்."

"எங்கக்கா போற?"

"எங்க தொலஞ்சுதோ அங்க."

தண்டையையும் மெட்டியையும் முந்தானையில் முடிந்தாள். ஒரு சிறு பானையும், கொஞ்சம் அரிசியும், தாயின் பழைய சேலைக் கிழிசல் ஒன்றும் எடுத்துக்கொண்டு சாரலைத் தேடி மலையேறினாள்.

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் வாலையாவது பிடிக்க வேண்டுமல்லவா? பாசி வழுக்கியது, அட்டை கடித்தது. ஒரு பகல் முழுக்க ஏறி அருவிப்பாறைக்கு வந்து சேர்ந்தாள். பாறைக்குப் பக்கத்தில் ஒரு குகை. அதில் ஒரு கருமந்தி குடியிருந்தது. "பழம் கொண்டு வந்திருக்கியா?" என்பதுதான் அதன் முதல் கேள்வி. இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டு, "அரிசி கொண்டாந்திருக்கேன்" என்றாள்.

அருவிக்கு முன்னால் சாரல் உட்கார்ந்து தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் தலை எந்தக் காலத்திலும் உலராது, ஆனாலும் உலர்த்துவாள்.

"எங்கம்மை வெள்ளியக் குடு" என்றாள் பிரமாச்சி.

"எந்த வெள்ளி? ஒங்க வீட்ல வெள்ளி இல்லைன்னு நீங்கதான சொன்னிய? இல்லாத வீட்ல நான் என்னத்த எடுக்க?"

பிரமாச்சி வேறு ஏதாவது சொல்லித் தப்பிக்க முடியுமா என்று ஒரு கணம் பார்த்தாள். வழியில்லை. "பொய் சொன்னேன்" என்றாள். "இருந்துச்சு. தரமாட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதனால இல்லைன்னு சொன்னேன். தப்பு என்னோடது. வெள்ளி என்ன பண்ணுச்சு? எம் தங்கச்சி என்ன பண்ணுனா?"

சாரலின் முகம் இளகியது. "நானா எடுக்கல மதினி. நீங்க இல்லைன்னதும் ஒரு பெருமூச்சு விட்டேன். அந்த மூச்சு சாவித் தொளை வழியா உள்ள போயிட்டு. இருக்குன்னு சொல்ற பொருளுக்குச் சொன்னவங்க காவல். இல்லைன்னு சொன்ன பொருளுக்கு யாரு காவல்? மூச்சு போய் ஒட்டிக்கிடுச்சு. திரும்பி வரும்போது வெளுப்பு அது கூடவே வந்துட்டு. அந்தா பாருங்க."

பிரமாச்சி பார்த்தாள். முன்பெல்லாம் அந்த அருவி தெரிவதே கஷ்டம். பின்னால் இருக்கிற பாறை அப்படியே தெரியும். இப்போது மேலிருந்து கீழ்வரை வெள்ளை வெளேரென்று விழுந்துகொண்டிருந்தது. தாயின் தண்டை வெளுப்பு அத்தனையும் தண்ணீரில் இருந்தது.

"தண்ணியில கலந்தத அள்ளித் தர எனக்குத் தெரியாது" என்றாள் சாரல். "ஒரு வீட்டுல வழி தெரிஞ்ச மூச்சு இனிமே எல்லா வீட்டுப் பெட்டிக்கும் வழி கண்டுபிடிச்சிரும். அதையும் என்னால தடுக்க முடியாது."

"அப்ப நானே எடுத்துக்கிடுதேன்."

"எடுங்க. குறுக்க வரமாட்டேன். ஆனா காலையில ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவ நான் இந்தப் பாறையத் தாண்டித்தான் போகணும். நான் வந்தா மூச்சும் வரும். அது எங் கொணம்."

"நீ வா. நீ வரவர நான் தேய்ப்பேன்" என்றாள் பிரமாச்சி.

முதல் நாள் ஆற்றுமணலை எடுத்துத் தேய்த்தாள். கருப்பு போகவில்லை, கீறல்தான் விழுந்தது. கீறல் விழுந்ததும் தன் உடம்பிலேயே விழுந்ததுபோல் பதறி மணலை உதறினாள். இரண்டாம் நாள் புளியமரத்திடம் போய்க் கேட்டாள். புளியமரம் சிடுசிடுப்புக்காரி. "பாத்திரம் தேய்க்கவா நான் காச்சுத் தொங்குதேன்?" என்று திட்டிவிட்டு, போனால் போகிறதென்று இரண்டு பழத்தை உதிர்த்தது. புளிக்குக் கருப்பு கொஞ்சம் அசைந்தது. இரும்புக் கருப்பு ஈயக் கருப்பாயிற்று. அதற்குமேல் புளி எவ்வளவு போட்டாலும் அப்படியே நின்றது.

கருமந்தி குகை வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. "ஏ தாயி, இதத் தூக்கி அருவியில வீசிட்டு வா. நாவப்பழம் இருக்கு, தின்னுட்டுப் போ. காலுக்கு வளையம் இல்லாம நாங்கல்லாம் பொழைக்கலையா?"

"ஒனக்குத் தங்கச்சி இருக்காளா?"

"ஏழு பேரு இருக்காளுவ."

"ஒருத்தி ஒன்னக் களவாணின்னு பாத்திருக்காளா?"

மந்தி வாலைச் சொறிந்துகொண்டு உள்ளே போய், குகையில் காய்ந்து கிடந்த சுள்ளியில் ஒரு கட்டு கொண்டுவந்து போட்டது. "கஞ்சியாவது காச்சிக் குடி. வெறும் வயித்துல தேச்சா கையி எப்படி ஓடும்?" என்றது.

மூன்றாம் நாள் காலை. கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டு, அடுப்புச் சாம்பலைக் கையால் வழித்து ஒதுக்கினாள். கை கழுவக்கூட மனமில்லாத சோர்வு. சாம்பல் விரலோடு இடதுகால் தண்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நீ சொன்னதக் கேட்டிருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே, பிள்ளையின் கன்னத்தைத் தடவுவதுபோல் கட்டைவிரலால் தடவிக்கொடுத்தாள். தடவியபடி கண் கலங்கி அருவியைப் பார்த்தாள். திரும்பிக் குனிந்தபோது, விரல் பட்ட இடத்தில் ஒரு நெல்லளவு வெளுப்பு தெரிந்தது.

சாம்பலை இன்னும் கொஞ்சம் எடுத்தாள். கட்டியும் கரிப்பொடியும் போகச் சேலைத்துணியில் சலித்தாள். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். மணல்போல அமுக்கவில்லை, மெதுவாகத் தேய்த்தாள். நெல்லளவு புளியங்கொட்டை அளவாயிற்று. மத்தியானத்துக்குள் ஒரு விரல் நீளம் வெளுத்துவிட்டது. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். சாம்பல் வைத்துத் தேய்த்தால் சாரலும் நகர்வாள் என்று சத்தமாகச் சொல்லிச் சிரித்தாள். மந்தியும் சிரித்தது.

அப்போது மத்தியானச் சாரல் வந்தாள். வந்தாள், போனாள். ஈரத்தோடு பாறையில் கிடந்த தண்டையின் வெளுப்பின்மேல் மஞ்சளாக ஒரு படலம் ஏறியது. பிறகு பழுப்பானது. பொழுது சாய்வதற்குள் கருத்துவிட்டது.

பிரமாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் தேய்த்தாள். நாலாம் நாள் தேய்த்ததும் கழுவி, தாயின் பழஞ்சேலைத் துணியால் ஒரு பொட்டு ஈரமில்லாமல் துடைத்து வைத்தாள். இந்தத் தடவை படலம் வந்தது, ஆனால் மெதுவாக வந்தது. ஈரம் இருந்தால் மூச்சு சீக்கிரம் ஒட்டுகிறது என்று தெரிந்துகொண்டாள். ஐந்தாம் நாள் கட்டைவிரல் தோல் உரிந்து எரிந்தது, சுண்டுவிரலால் தேய்த்தாள். வலதுகால் தண்டையைத் துடைத்துப் பாறையில் வைத்துவிட்டு, இடதுகால் தண்டையை வயிற்றோடு அணைத்தபடி உட்கார்ந்த இடத்திலேயே அசந்து தூங்கிப்போனாள். விழித்துப் பார்த்தால் சாரல் வந்துபோன தடம் பாறை முழுக்க இருந்தது. பாறையில் வைத்த தண்டை பழுப்பேறிக் கிடந்தது. வயிற்றோடு அணைத்த தண்டை வைத்தபடியே வெளுப்பாக இருந்தது.

அவள் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள். கணக்கு ஒன்றும் பெரிதில்லை. உடம்புச் சூடு இருக்கிற இடத்தில் அந்த மூச்சு ஒட்டவில்லை. அந்த மலையில் ஓயாமல் சூடு இருக்கிற இடம் வேறு எதுவும் கிடையாது. ஆனால் தாய் சொன்ன வார்த்தை? என் கையிலிருந்து உன் கைக்கு, உன் கையிலிருந்து அவள் காலுக்கு. நடுவில் எங்கும் போகக் கூடாது.

நெடுநேரம் யோசித்தாள். வாக்கை ஏழு சுற்றுச் சுற்றிப் பூட்டிவைத்துத்தானே கருக்கவிட்டோம் என்று கடைசியில் தோன்றியது. "அம்மா, கோவிச்சுக்காத" என்று சொல்லிவிட்டு, மறுபடி தேய்த்துத் துடைத்த இரண்டு தண்டையையும் தன் காலில் பூட்டிக்கொண்டாள். மெட்டி கல்யாணமானவள் போடுவது. அதைத் தேய்த்துத் துடைத்து, இடுப்புச் சேலைக்குள் தோலோடு படும்படி செருகிக்கொண்டாள். எழுந்து நாலடி நடந்தாள். முதல்முதலாக அவள் காலில் வெள்ளி குலுங்கியது. அந்தச் சத்தத்துக்கு அவளுக்கு அழுகை வந்தது. பெட்டியைத் திறந்த நாள்முதல் அப்போதுதான் அழுதாள்.

ஆறாம் நாளும் ஏழாம் நாளும் காலில் கிடந்தபடியே தேய்த்து மெருகேற்றினாள். சாரல் காலையில் வந்து பார்த்தாள், மத்தியானம் வந்து பார்த்தாள். மூச்சு காலைத் தொட்டுவிட்டு நழுவியது.

"செயிச்சிட்டிய மதினி" என்றாள் சாரல். "ஆனா நான் வருசா வருசம் வருவேன்."

"நானும் வருசா வருசம் தேய்ப்பேன். காலுல கெடக்குததுல நீ கை வைக்கக் கூடாது."

"வைக்கல. பெட்டியில பூட்டுனத?"

பிரமாச்சி யோசித்தாள். எந்த வெள்ளிக்கும் ஒரு நாள் பெட்டிக்குள் போக வேண்டிய வேளை வரத்தான் செய்யும். அடுப்பிலிருந்து ஆறிப்போன ஒரு கரித்துண்டை எடுத்தாள். "பெட்டிக்குள்ள ஒரு கரித்துண்டு போட்டு வைக்குதேன். நீ வந்தா அதுமேல உக்காரு. கொண்டுவார ஈரத்த அதுலயே எறக்கி வையி. அது ஏற்கெனவே கருத்தது, அதுக்குமேல அதக் கருக்க ஒண்ணுமில்ல."

சாரல் அந்தக் கரித்துண்டையே பார்த்தாள். "இத்தன வருசத்துல எனக்கு யாரும் உக்கார எடம் போட்டதில்ல மதினி. எல்லாரும் வாசல்ல நிக்கவச்சுத்தான் பேசுவாங்க" என்றாள். பிறகு, "வெளுப்பு வந்துட்டு. பேச்சு வராது. அது பேசும்போது கேக்காம விட்டுட்டிய. கேக்காத பேச்சு திரும்பாது" என்றாள்.

அது சரிதான் என்று பிரமாச்சிக்குத் தெரிந்தது.

கல்யாணத்தன்று விடியும் வேளையில் மலையிறங்கி வந்தாள். ஊருக்குள் ஒரே கூப்பாடு. கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று பெட்டியைத் திறந்த பெண்கள் எல்லாம் கருத்த காப்பையும் கருத்த அரைஞாணையும் வைத்துக்கொண்டு, எவள் மாற்றிவைத்தாள் என்று ஒருத்தியை ஒருத்தி ஏசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் சலங் சலங் என்று பிரமாச்சி நடந்து வந்தாள். ஊரே வாயடைத்து அவள் காலைப் பார்த்தது.

"தங்கச்சிக்கு உள்ளத இவ போட்டுக்கிட்டு வாரா பாரு" என்று ஒருத்தி முணுமுணுத்தாள்.

பிரமாச்சி காதில் போட்டுக்கொள்ளவில்லை. "எல்லாரும் அடுப்புச் சாம்பலச் சலிச்சு எடுத்துட்டு உக்காருங்க, சொல்லித்தாரேன்" என்று சொல்லிவிட்டு நேராகப் பந்தலுக்குள் போனாள். மணையில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்த பூவம்மை அக்காளைக் கண்டதும் எழுந்தாள். மலையில் பட்ட பாடெல்லாம் அக்காள் கையில் தெரிந்தது. விரல்நுனி ஒன்றிலும் தோல் இல்லை. பிரமாச்சி தன் காலிலிருந்து தண்டையைக் கழற்றினாள். குனிந்து தங்கச்சி காலில் பூட்டினாள்.

"சூடா இருக்குக்கா" என்றாள் பூவம்மை. அவள் குரல் உடைந்துவிட்டது. "அன்னைக்கு நான் ஒரு நிமிசம் ஒன்னப் போயி..."

"இரும்பு மாதிரிதான இருந்துச்சு. யாரு பாத்தாலும் அப்படித்தான் நெனைப்பா" என்றாள் பிரமாச்சி. இடுப்பிலிருந்து மெட்டியை எடுத்துத் தங்கச்சி கையில் வைத்து மூடினாள். "ஒண்ணு மட்டும் கேளு. இதக் கழட்டிப் பூட்டி வைக்காத. தேஞ்சா தேயட்டும். போட்டுட்டே இரு."

பூவம்மை காலை அசைத்தாள். இடதுகால் தண்டை வலதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே குலுங்கியது. வார்த்தை ஒன்றும் இல்லை. ஆனால் பிரமாச்சிக்கு அது என்ன சொல்கிறது என்று புரிந்த மாதிரி இருந்தது.

அந்நேரம் பந்தல் வாசலில் பொடிப்பொடியாக ஈரம் விழுந்தது. "மதினி, இருக்கியளா? வெள்ளி ஏதாவது இருக்கா?" என்று சிரிப்போடு ஒரு குரல் கேட்டது. ஊர்ப் பெண்கள் எல்லோரும் பயந்துபோய்ப் பிரமாச்சியின் வாயைப் பார்த்தார்கள்.

"இருக்கு சாரலு, நெறஞ்சிருக்கு" என்றாள் பிரமாச்சி. "ஆனா இன்னைக்குத் தரமாட்டேன். வா, வந்து உக்காந்து சாப்பிட்டுப் போ."

அன்று முதல்தான் காலில் கிடக்கிற வெள்ளி சாரலுக்கு அஞ்சாமல் மினுங்க, பெட்டியில் பூட்டிய வெள்ளி ஈரம் கண்டதும் கருத்துப்போகிறது. அன்று முதல்தான் பெண்கள் பெட்டிக்குள் ஒரு கரித்துண்டைப் போட்டுவைத்து, கருத்ததைச் சாம்பல் தொட்டுக் கட்டைவிரலால் தடவித் தடவி, சாரல் கொண்டுபோன வெளுப்பை வருசா வருசம் திருப்பி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.